மறு: ஃப்யூசிபிள் பிளக் – தமிழில் எப்படி?

ச.:
நண்பர்களே, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் டிஸ் ஊருக்குப் பக்கத்திலுள்ள பிரெஸ்ஸிங்ஹாம் நீராவி அருங்காட்சியகத்துக்கும் அதன் தோட்டங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போக வேண்டும். நீராவி எஞ்சின் சொற்களில் கொதிகலன், நெருப்புப்பெட்டி (கரி எரியும் அறை) எல்லாம் ஆயிற்று. ஃப்யூசிபிள் பிளக்கில் மாட்டிக்கொண்டேன். ‘உருகி’ போதுமா?

மு.:
போதாது. மின்பெட்டிதான் நினைவுக்கு வரும். இது நெருப்புப்பெட்டியின் கூரைத் தகட்டில் முடுக்கும் வெண்கலத் திருகு, நடுத்துளையில் ஈயம். சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்திலும் கொதிகலன் நீரின் சூடு ஏறக்குறைய 186 பாகை செல்சியஸ்தான். ஈயம் உருக 327 வேண்டும். கூரைக்கு மேலே நிற்கும் தண்ணீர் இறங்கிக் கூரை காய்ந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் சீறும். அது எச்சரிக்கை மட்டுமே. ‘நெருப்பை அணைக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள். மேலே சுண்ணப் படிவு கட்டியிருந்தால் ஈயம் உருகியும் துளை திறக்காது. சாலையில் ஓடும் நீராவி எஞ்சின் இறக்கத்தில் போகையில் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். பின்னாலிருக்கும் கூரை காயும். அதனால் இறங்குமுன்பே நீர்மட்டம் காட்டும் மட்டக்கண்ணாடியைப் பார்த்துத் தண்ணீர் ஏற்றிக்கொள்வார்கள்.

ந.:
அப்படியானால் ‘உருகுதக்கை’. வினைத்தொகை, வல்லினம் மிகாது. மெய்ப்பு பார்ப்பவர் கை நீண்டு ‘உருக்குத்தக்கை’ ஆக்கினால் எஃகாகிவிடும். எஃகுத் தக்கை ஆபத்துக்கு உதவுமா?

அ.:
தக்கை நெட்டியல்லவா ஐயா? தூண்டிலில் மிதப்பது. சிலப்பதிகார உரையில் தோற்கருவிப் பட்டியலிலும் தக்கை உண்டு. ஆபத்தை முழக்குவதால் அதுவும் பொருந்தும் என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: ‘உருகுமுளை’. தறி, ஆப்பு என்ற பொருளில் முளை பழைய சொல்.

ந.:
தோட்டம் பார்க்கப் போகிற பிள்ளைக்கு முளை என்றால் விதைதான். அந்த இடத்தை உருவாக்கிய ஏலன் புளூமே நாற்றுப்பண்ணைக்காரர்.

மு.:
தக்கையும் வேண்டாம், முளையும் வேண்டாம். ‘ஈய பிளக்’ என்றால் ஏழு வயதுக்கும் புரியும்.

ந.:
பிளக் தமிழா?

மு.:
எஞ்சின் மட்டும் தமிழா, ஐயா?

ச.:
மூன்று பேர் தனிமடலில் தக்கைக்கே கைதூக்கினார்கள். ‘உருகுதக்கை (ஈயம் வைத்த திருகு)’ என்று போடுகிறேன். புளூம் பரப்பிய, புல்வெளி நடுவே சுற்றிவந்து பார்க்கும் பூப்படுகைக்குத் ‘தீவுப்பாத்தி’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இல்லையே?

மு.:
தக்கைக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

அ.:
வரப்பு கட்டி நீர் நிறுத்துவதுதான் பாத்தி. புல்வெளியில் வரப்பு ஏது? ‘திட்டு’ என்க.