கலிஃபோர்னியாவில் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? பத்துக்கு எத்தனை என்பதை மட்டும் பார்க்காதீர்கள்

பே ஏரியாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்த எலிமென்டரி ஸ்கூலுக்கு ரேட்டிங் பத்து?" ஜில்லோவிலோ ரெட்ஃபின்னிலோ வீடு தேடும்போதே பக்கத்தில் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற பள்ளி மதிப்பீட்டுத் தளம் பத்துக்குப் போட்ட எண் கண்ணில் படும். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் குடியிருக்கும் முகவரியை வைத்துத்தான் இடம் என்பதால், எண் ஏற ஏற வாடகையும் ஏறும். ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போடும் முன் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அதன் பெரும்பகுதி ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்ற மாநிலத் தேர்விலிருந்து வருகிறது. எலிமென்டரியில் 3, 4, 5 ஆகிய வகுப்புகளுக்கு ஆங்கிலமும் கணிதமும், 5-ஆம் வகுப்புக்கு அறிவியலில் தனியாக இன்னொரு மாநிலத் தேர்வும் உண்டு. கிண்டர்கார்டன், 1, 2 வகுப்புகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஆக, ஐந்து வயதுப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பார்க்கும் எண், அதே பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்பொரு வசந்த காலத்தில் எழுதியதன் பலன்.

சராசரி மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் ஒட்டியே போகும். சாயங்காலம் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு 9 வருவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, டியூஷன் சென்டரின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ பள்ளிகளின் கணக்கு வரும். அங்கே 3-ஆம் வகுப்புச் சராசரி நாட்டின் சராசரிக்கும் கீழே. ஆனால் அதே பிள்ளைகள் 8-ஆம் வகுப்புக்குள், 5 வருடத்தில் 6 வருடப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். ரேட்டிங் எண்ணை மட்டும் பார்த்தவர் அந்தப் பள்ளிகளைக் கழித்துக் கட்டியிருப்பார்.

அதனால் மொத்த எண்ணோடு நிற்காமல் கீழே இறங்கி, மாணவர் முன்னேற்றம் என்ற பிரிவைப் பாருங்கள். மாநில அரசின் கலிஃபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு என்ற தளத்தையும் திறந்து பாருங்கள். சிவப்பிலிருந்து நீலம் வரை 5 நிறங்கள், நீலம்தான் மேல். இந்த வருட நிலை, போன வருடத்திலிருந்து வந்த மாற்றம் இரண்டையும் சேர்த்துத்தான் நிறம் போடுகிறார்கள். மதிப்பெண்ணோடு சஸ்பென்ஷன், வருகைக் குறைவு எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம் இந்த "ஹோல் சைல்ட்" சமாச்சாரம், அதாவது மார்க்கோடு நிற்காமல் பிள்ளையை முழுமையாக வளர்ப்பது. பள்ளி இணையதளம் எதைத் திறந்தாலும் இந்த வார்த்தை இருக்கும். மார்க் குறைவாக வாங்கும் பள்ளிகள் சொல்லும் சால்ஜாப்பு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சில இடங்களில் அது சுவரில் ஒட்டிய போஸ்டர்தான், மறுக்கவில்லை. நேரில் போய் நாலு கேள்வி கேட்டால் எது நிஜம் என்று தெரிந்துவிடும். மியூசிக்கும் ஓவியமும் யார் எடுக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை? 2022-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய புரபொசிஷன் 28 இதற்கென்றே வருடாவருடம் பணம் தருகிறது. அதை என்ன செய்கிறீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். கவுன்சலர் தினமும் இருக்கிறாரா, வாரம் ஒரு நாள் வந்து போகிறவரா? நூலகத்தில் ஆள் உண்டா? 1 முதல் 6 வரையான வகுப்புகளுக்கு 10 பள்ளி நாளில் 200 நிமிடம் உடற்பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்பது சட்டம். 2024-25 கல்வியாண்டிலிருந்து வழக்கமான பள்ளி நாட்களில் குறைந்தது 30 நிமிடம் ரீசஸும் (விளையாட்டு இடைவேளை) விட வேண்டும்; வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அதைப் பறிக்கக் கூடாது. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய பள்ளியில் படித்த நமக்கு இது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும். ரீசஸ் நேரத்தில் வேலியோரம் நின்று பாருங்கள். தனியாக நிற்கும் பிள்ளையிடம் பெரியவர் யாராவது போகிறாரா என்பது எந்த ரேட்டிங்கிலும் வராது.

உங்கள் பிள்ளை தேர்வு எழுதும் வருடம் வந்தால் பதற வேண்டாம். நேரக் கட்டுப்பாடு இல்லை. சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும்படி கணினியே மாற்றிக்கொள்ளும். "ரொம்ப கஷ்டமா இருந்துச்சும்மா" என்று வந்தால் அது நல்ல சேதியாகவும் இருக்கலாம். உண்மையான சிக்கல் தட்டச்சு. நாலு கோடு நோட்டில் முத்து முத்தாக எழுதிப் பழகிய பிள்ளை, இங்கே குரோம்புக் மடிக்கணினியில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக் கட்டுரை எழுத வேண்டும். வீட்டில் அதைப் பழக்குங்கள்; மாதிரித் தேர்வு இணையத்தில் இலவசம், காசு கட்டிப் பயிற்சி வேண்டாம். ரிப்போர்ட்டில் 2450 என்பது போல ஒரு எண் வரும். நூற்றுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை. கணிதத்தில் 3-ஆம் வகுப்புக்கு 2436, 4-க்கு 2485, 5-க்கு 2528 வந்தால் அந்த வகுப்பின் தரத்தை எட்டியாயிற்று. எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல் என்பதால் போன வருடத்தோடு ஒப்பிடலாம். பிள்ளைக்குத் தேர்வு வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. எனக்கு அதில் பெரிய அவசியம் தெரியவில்லை.

சேர்க்கையின்போது வரும் ஹோம் லாங்வேஜ் சர்வேயில் (வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்கும் படிவம்) தமிழை மறைக்காதீர்கள். "தமிழ்னு போட்டா இஎஸ்எல்ல தள்ளிடுவாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்லுவார்கள்; இஎஸ்எல் என்பது ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு. தமிழ் என்று போட்டால் 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் அதோடு முடிந்தது. வரவில்லை என்றால் உதவி கிடைக்கும், அது தேவையான உதவிதான். அப்படி உதவி பெறும் பிள்ளை அமெரிக்கப் பள்ளியில் முதல் 12 மாதம் மாநில ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியதில்லை, கணிதம் உண்டு.

கடைசியாக ஊர்ப் பயணம். பொங்கல் முடித்துவிட்டு வரலாம் என்று டிசம்பர் விடுமுறையை ஜனவரி வரை இழுப்பவர்கள் கவனிக்கவும். பள்ளி வருடத்தின் 180 நாளில் 10 சதவீதம், அதாவது 18 நாள் போகாவிட்டால் நீண்டகால வருகைக் குறைவு என்று பதிவாகும். லீவ் லெட்டர் கொடுத்தாலும் கணக்குத்தான். பல பள்ளி மாவட்டங்களில் குறுகிய கால இண்டிபெண்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் உண்டு. கொடுத்த பாடத்தை முடித்துத் தந்தால் வருகை கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. டிக்கெட் போடும் முன் பள்ளி ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.