வெளிநாட்டில் கார்டு தேய்த்த ஒவ்வொரு செலவும் ஒவ்வொரு ரேட்டில் வந்திருக்கிறது. எங்கே தவறினேன்?

புதுப்பயணி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் முதன்முறையாக வெளிநாடு போய் வந்தேன். கையில் ஒரே ஒரு கிரெடிட் கார்டு, கொஞ்சம் ரொக்கம். திரும்பி வந்ததும் ஸ்டேட்மென்டை எடுத்து, ஒவ்வொரு செலவையும் அந்தந்த நாளில் கூகுள் காட்டிய ரேட்டோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எல்லாம் ஒரே அளவில் கூடியிருந்தால் கட்டணம் என்று விட்டிருப்பேன். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி கூடியிருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, கூகுள் ரேட்டில் நம் பணத்தில் 1000 ஆகியிருக்க வேண்டிய செலவு எவ்வளவு ஆனது என்று மாற்றிச் சொல்கிறேன். சாப்பாடு, தங்கும் விடுதி, ரயில் எல்லாம் 1035. ஒரு துணிக்கடையில் மட்டும் 1094. ஏடிஎம்மில் மூன்று முறை 500, 500 என்று எடுத்தேன், ஒவ்வொன்றும் 568 ஆகியிருக்கிறது. அதற்கு வட்டி என்று தனியாக ஒரு வரி வேறு. கிளம்பும் அன்று விமான நிலையத்தில், 'கமிஷன் கிடையாது' என்று எழுதியிருந்த கவுன்டரில் 1000 கொடுத்து மாற்றினேன். கைக்கு வந்தது கூகுள் ரேட்டில் 890 பெறும்.

மூன்று மாதத்தில் இரண்டு நாடுகளுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். இந்த முறை பணத்தை இப்படிச் சிந்தக் கூடாது. எதைக் கொண்டுபோவது மலிவு?

வரவுசெலவு:

1035 எளிது தம்பி. உங்கள் கார்டின் ஃபாரின் கரன்சி மார்க்-அப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மேலே போடும் கட்டணம், 3.5 சதவீதம். கார்டு வாங்கும்போது தந்த கட்டணப் பட்டியலில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 வரை இருக்கும், சிலவற்றில் இல்லவே இல்லை.

துணிக்கடை பில்தான் இடிக்கிறது. ஸ்லிப் வைத்திருக்கிறீர்களா? அதில் எந்தப் பணம் அச்சாகியிருக்கிறது, அந்த ஊர்ப் பணமா, நம் பணமா?

புதுப்பயணி:

இருக்கிறது சார், பயணப்பையின் பக்கவாட்டில் கிடந்தது. இரண்டும் இருக்கிறது. மேலே அந்த நாட்டுப் பணம். கீழே ஒரு ரேட், அதன் கீழ் நம் பணத்தில் 1057. இப்போதுதான் நினைவு வருகிறது. கடைப் பெண் மெஷினை என் பக்கம் திருப்பினார். இரண்டு தொகை தெரிந்தது. நம் பணத்தில் இருந்தது பழகிய எண், அதனால் அதையே அழுத்தினேன். ஆனால் ஸ்லிப்பில் 1057, ஸ்டேட்மென்டில் 1094. இது எப்படி?

வரவுசெலவு:

அதுதான் டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி. பணத்தை மாற்றியது உங்கள் வங்கி இல்லை, அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்தவர்கள். ரேட்டை அவர்களே வைப்பார்கள். அதில் வரும் லாபத்தில் கடைக்கும் பங்கு போவது உண்டு. உங்களிடம் 5.7 சதவீதம் எடுத்திருக்கிறார்கள். நான் 8, 10 கூடப் பார்த்திருக்கிறேன்.

1094 எப்படி வந்தது என்றால், 1057-க்கு மேல் உங்கள் வங்கி தன் 3.5 சதவீதத்தையும் போட்டிருக்கிறது. 1057 கூட்டல் 37, மொத்தம் 1094. பில் நம் பணத்தில் இருந்தாலும் கடை வெளிநாட்டில் இருந்தால் மார்க்-அப் உண்டு என்று பல வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. ஆக ஒரே துணிக்கு இரண்டு இடத்தில் கட்டணம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான். மெஷின் இரண்டு பணத்தைக் காட்டினால் அந்த ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த நாட்டிலும், எந்தக் கார்டிலும். போனைத் தட்டிக் கட்டினாலும் உள்ளே இருப்பது அதே கார்டு, அதே கட்டணம், அதே கேள்வி.

கடல்தாண்டி:

ஒன்றைச் சேர்க்கிறேன். டிசிசி வேண்டுமா என்று கேட்காமல் மாற்றக் கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும். கடைக்காரரே அழுத்திவிட்டால் அங்கேயே நின்று "இதை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் போடுங்கள்" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வங்கியில் புகார் கொடுக்கலாம், ஆனால் ஸ்லிப் இருக்க வேண்டும். அதனால் ஸ்லிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. ஒன்றியத்துக்குள் நடக்கும் கார்டுப் பரிமாற்றங்களில் இப்படி மாற்றினால், ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதைப் பணம் கட்டும் முன்பே காட்டியாக வேண்டும். மெஷினில் சதவீதக் குறி கண்ணில் பட்டால் நிறுத்திப் படியுங்கள்.

நாடோடி அக்கா:

ஏடிஎம் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதே இடத்தில் அடி வாங்கினேன்.

உங்கள் 568-ஐப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் கேட்டது 500. ஏடிஎம்காரர்கள் தங்கள் கட்டணமாக 20 போல் சேர்த்திருந்தால் 520. அதற்கு மார்க்-அப் 3.5 சதவீதம், 18. மொத்தம் 538. மீதி 30 உங்கள் வங்கியின் கேஷ் அட்வான்ஸ் கட்டணமாக, அதாவது கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்ததற்கான கட்டணமாக இருக்க வேண்டும். இந்த 20-உம் 30-உம் எடுக்கும் தொகையைப் பார்த்து வராமல், ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று முறைக்கு 1704 கொடுத்தீர்கள். ஒரே முறையில் 1500 எடுத்திருந்தால் 1603-இல் முடிந்திருக்கும்.

வட்டி ஏன் என்றால், கிரெடிட் கார்டில் பொருள் வாங்கினால்தான் கெடு நாள் வரை வட்டி கிடையாது. ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். பில்லை முழுதாகக் கட்டினாலும் அந்த இடைப்பட்ட நாட்களுக்கு வரும். அதனால் ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு மட்டும் எடுத்துப் போங்கள்.

அப்புறம் ஏடிஎம்மிலும் டிசிசி இருக்கிறது. "கன்வர்ஷனுடன் தொடர்க", "கன்வர்ஷன் இல்லாமல் தொடர்க" என்று இரண்டு பொத்தான். இரண்டாவதை அழுத்தினால் பணம் வராதோ என்று பயந்து நான் முதலாவதை அழுத்தினேன். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள், கை நடுங்கியது. அப்படியெல்லாம் எதுவும் ஆகாது. வேண்டாம் என்று சொன்னாலும் பணம் வரும். உங்கள் வங்கியின் ரேட்டில் கணக்கில் ஏறும், அவ்வளவுதான். சில திரைகளில் இந்தப் பொத்தான் ஓரத்தில் சின்னதாக இருக்கும், தேடி அழுத்துங்கள்.

எல்லைக்கோடு:

இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொண்டுபோய்விடுங்கள், கட்டணமே இல்லை.

வரவுசெலவு:

கட்டணம் இல்லை என்று பலகைதான் சொல்கிறது நண்பரே. அவர் விமான நிலையத்தில் 1000 கொடுத்து 890 வாங்கியிருக்கிறார். கடைகளில் கார்டு தேய்த்த எல்லாப் பில்களையும்விட, அந்த 1094-ஐயும்விட, அது பெரிய இழப்பு. அவர்கள் கமிஷன் என்று தனியாக வாங்குவதில்லை, வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் இடையில் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தைத் திரும்ப மாற்றும்போது இன்னொரு முறை எடுப்பார்கள். தொலைந்தால் திரும்பி வராது என்பது வேறு. இறங்கியதும் வண்டிக்கும் தண்ணீருக்கும் ஆகிற அளவு போதும். அதையும் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து மாற்றுங்கள். கமிஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "இவ்வளவு கொடுத்தால் கையில் எவ்வளவு தருவீர்கள்" என்று கேளுங்கள்.

புதுப்பயணி:

ஃபாரெக்ஸ் கார்டு என்று முன்கூட்டியே பணம் ஏற்றும் கார்டு எடுக்கச் சொல்கிறார்களே?

கடல்தாண்டி:

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரேட் பூட்டப்படும் என்பது உண்மை, ஆனால் ஏற்றும் அன்றே ரேட்டில் தங்கள் லாபத்தை எடுத்திருப்பார்கள். அதைக் கூகுள் ரேட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இரண்டு நாடு போகிறீர்கள். ஏற்றிய பணம் ஒன்று, செலவு செய்யும் பணம் வேறு என்றால் கிராஸ் கரன்சி கட்டணம் விழும். மீதியைத் திருப்பி எடுக்கவும், ரொம்ப நாள் தொடாமல் விட்டாலும் கட்டணம் இருக்கலாம். விடுதியிலும் வாடகைக் காரிலும் முன்பணத்தை நிறுத்திவைப்பார்கள், பிரீபெய்டு கார்டில் அந்தத் தொகை விடுபடும்வரை உங்கள் கைச்செலவே முடங்கிப்போகும். செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பவர்களுக்கு நல்லது. மலிவு என்று சொல்ல மாட்டேன்.

பல கரன்சி வைத்துக்கொள்ளும் ஆப் கார்டுகள் இதைவிடப் பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், அந்த நேரத்தில் மாற்றினால் சில ஆப்கள் கூடுதலாக எடுக்கும். வார நாளிலேயே மாற்றி வைத்துவிட்டால் சனிக்கிழமை நிம்மதியாகச் செலவு செய்யலாம்.

வரவுசெலவு:

நான் சொல்வது இதுதான். மார்க்-அப் இல்லாத கிரெடிட் கார்டு ஒன்று, எல்லாக் கடைக்கும் விடுதிக்கும். வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் குறைவான டெபிட் கார்டு ஒன்று, ரொக்கத்துக்கு மட்டும். இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்காக (ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டு என்பதுபோல) இருக்கட்டும், ஒன்றை அம்மாவின் பையில் வையுங்கள். புறப்படும் முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்து, பின் எண் வேலை செய்கிறதா என்று உள்ளூரிலேயே ஒருமுறை பாருங்கள்.

விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் தளத்தில் ரேட் கணிப்பான் வைத்திருக்கின்றன. தேதியும் வங்கியின் சதவீதமும் கொடுத்தால் எவ்வளவு வர வேண்டும் என்று காட்டும். கூகுளோடு ஒப்பிடுவதைவிட இது துல்லியம். கார்டு தேய்த்த நாள் ரேட் இல்லாமல், கணக்கு ஏறிய நாள் ரேட் விழுவதும் உண்டு. ஒன்றிரண்டு சின்ன வித்தியாசம் அதனால் வரும், கவலைப்படாதீர்கள்.

புதுப்பயணி:

போய் வந்துவிட்டோம். ஸ்டேட்மென்ட் இன்றுதான் வந்தது, முதல் வேலையாக இங்கே எழுதுகிறேன்.

மார்க்-அப் இல்லாத கார்டில் கட்டியதெல்லாம் 1002-க்கும் 1006-க்கும் இடையில். ஏடிஎம்மில் இரண்டே முறை, நாட்டுக்கு ஒன்றாகப் பெரிய தொகை எடுத்தேன், 1000-க்கு 1016 ஆனது. இரண்டு இடத்திலும் திரையில் கன்வர்ஷன் கேட்டது. வேண்டாம் என்றேன், பணம் வந்தது. நாடோடி அக்கா, அந்த நேரம் உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒரு கடையில் மட்டும் காசாளர் கேட்காமலே நம் பணத்தில் போட்டுவிட்டார். ஸ்லிப்பில் நம் பணத்தின் பெயரைக் கவனித்தது அம்மாதான். ரத்து செய்யச் சொன்னோம். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் செய்தார். அதில் ஒரு சந்தேகம். ரத்து செய்த தொகை இன்னும் வங்கி ஆப்பில் 'நிலுவை' என்று நிற்கிறது, ஆறு நாள் ஆகிறது. புகார் கொடுக்க வேண்டுமா?

வரவுசெலவு:

'நிலுவை' என்றால் பணம் இன்னும் போகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கமாகத் தானே நீங்கிவிடும், சில வங்கிகளில் இரண்டு வாரம்கூட எடுக்கும். அதற்குள் 'கணக்கில் ஏறியது' என்று மாறினால் மட்டும் ரத்து ஸ்லிப்பைப் படம் எடுத்து வங்கிக்கு அனுப்புங்கள்.

புதுப்பயணி:

ஒன்பதாம் நாள் காணாமல் போய்விட்டது. நன்றி சார்.