பக்கப்பரப்பு, வளைபரப்பு இரண்டுக்கும் சேர்த்து 'சுற்றுப்பரப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கியவன் நான். பெட்டியின் மேல், கீழ் முகங்களை விட்டுவிட்டு மற்ற பக்கங்களை மட்டும் கூட்டினால் பாடநூலில் பக்கப்பரப்பு. உருளை, கூம்பு போன்றவற்றின் வளைந்த பகுதிக்கு வளைபரப்பு. இரண்டுக்கும் 'சுற்றுப்பரப்பு' என்ற ஒரே சொல் போதும் என்பது என் யோசனை. மூன்று நாளாக வந்த எதிர்ப்புகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> பாடநூலில் பக்கப்பரப்பு இருக்கிறது, வளைபரப்பும் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

எங்கள் மாடி வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு. பக்கம் 5 செ.மீ. உள்ள கனச்சதுரத்தின் பக்கப்பரப்பு என்ன என்று கேட்டதற்கு 25 ச.செ.மீ. என்று எழுதிவிட்டாள். விடை 100. அவள்மேல் தப்பே இல்லை. கேள்வியில் முதலில் வரும் 'பக்கம்' ஒரு கோடு. அடுத்து வரும் 'பக்கம்', மேலும் கீழும் போக மிச்சமிருக்கும் நான்கு முகங்கள். ஒரே வரிக்குள் ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தால் பிள்ளை என்ன செய்யும்?

பத்தாம் வகுப்புக்குப் போனதும் உருளை, கூம்பு வரும். அங்கே பெயர் வளைபரப்பு ஆகிவிடும். பெட்டியில் தான் கணக்குப் போட்ட அதே சமாச்சாரம்தான் இது என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த மேஸ்திரி டேப்பை எடுத்து, 12-க்கு 10 அறையை ஒரு சுற்று அளந்தார். 44 அடி. உயரம் 10. 'சுவர் 440 சதுர அடி, சீலிங் 120 தனி' என்றார். கதவு, ஜன்னலைக் கழிக்கவில்லை என்பது வேறு கதை. கல்யாண மண்டபத் தூணுக்குத் துணி சுற்றுகிறவரும் இதைத்தான் செய்கிறார்: தூணின் சுற்றளவு, அப்புறம் உயரம். துணியைக் கழற்றி விரித்தால் செவ்வகம். தூண் சதுரமா வட்டமா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. நமக்கு மட்டும் ஏன் இரண்டு பெயர்?

'சுற்றுப்பரப்பு' என்றால் வாய்பாடும் பெயரிலேயே வந்துவிடுகிறது: சுற்றளவு × உயரம். கனச்செவ்வகத்துக்கு 2(l+b)h (l நீளம், b அகலம், h உயரம்), உருளைக்கு 2πrh (r ஆரம்). கூம்பில் உடையும் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். உடையவில்லை. அடியின் சுற்றளவில் பாதியைச் சாயுயரத்தால் (சரிவின் நீளம், இங்கே l அதுதான்) பெருக்குங்கள், πrl வந்து நிற்கும். ஒழுங்கான பிரமிடுக்கும் அதே விதிதான். இடைக்கண்டத்தில் (உச்சியை வெட்டிய கூம்பு, நம் வாளிதான்) மேல் சுற்றளவும் கீழ்ச் சுற்றளவும் கூட்டிப் பாதியாக்க வேண்டும், π(R+r)l. இத்தனைக்கும் பொருந்துகிற பெயரை விட்டுவிட மனசு வரவில்லை.

> கோளத்துக்கு?

கோளத்துக்கு வேண்டாம். அதற்கு அடியும் இல்லை, மேலும் இல்லை, ஆகவே எதையும் ஒதுக்கிவைத்துச் 'சுற்று' என்று பிரிக்க முடியாது. அரைக்கோளத்தின் 2πr² வளைபரப்பாகவே இருக்கட்டும், தட்டையான வட்டமும் சேர்ந்தால் 3πr². ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கோளத்தை இறுக்கமாக மூடும் உருளையின் சுற்றுப்பரப்பு 2πr × 2r, அதாவது 4πr². கோளத்தின் பரப்பும் அதேதான். நிரூபித்தவர் ஆர்க்கிமிடீஸ். அந்தக் கோளமும் உருளையும் தன் கல்லறையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர்.

மேல், கீழ் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு 'புறப்பரப்பு' போதும் என்ற ஐயாவுடன் எனக்கு உடன்பாடில்லை. உள்ளீடற்ற உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் உள்சுவரையும் கூட்டித்தான் 2π(R+r)(R−r+h) வருகிறது. உள்ளே இருப்பதைக் கூட்டிவிட்டு 'புறம்' என்று எழுதுவது உறுத்துகிறது. 'மொத்தப்பரப்பு' என்றால் வம்பில்லை. இலங்கை வழக்கான 'மேற்பரப்பின் பரப்பளவு' நீளம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பரப்பு என்பது பொருள், பரப்பளவு என்பது எண் என்ற வேறுபாட்டை அது விடாமல் காக்கிறது. நாம்தான் இரண்டையும் குழப்பி வைத்திருக்கிறோம். ஆனால் 'மேற்பரப்பு' என்றால் சென்னைப் பிள்ளைகள் மேல்பக்கத்தை மட்டும் நினைத்துக்கொள்வார்கள், அதனால்தான் தயங்குகிறேன். நம் சொல்லிலும் துணி ஒட்டும் இடம் சுற்றுப்பரப்பு, 440 என்ற எண் சுற்றுப்பரப்பளவு என்று கறாராக வைத்துக்கொள்ளலாம்.

பரப்பளவுக்கு 'குழி' என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற யோசனை அழகானது. வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி என்பது நம் பழைய கணக்கு விதி, πr² தானே அது. ஆனால் குழி நிலத்தோடு ஒட்டிய சொல். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. 2,400 சதுர அடி கிரவுண்டில் மனை பேசும் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் குழி என்று சொன்னால் சம்ப் தோண்டச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

சுற்றுப்பரப்பு என்றால் 'சுற்றுப்புறம்' என்று காதில் விழுகிறது என்ற புகாரை ஏற்கிறேன், பழகினால் போய்விடும். எனக்கு உண்மையிலேயே இடிப்பது வேறொன்று: சாய்ந்த உருளை. அங்கே அடியின் சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் விடை தப்பு. அச்சுக்குச் செங்குத்தாக வெட்டி, அந்த வெட்டின் சுற்றளவை எடுத்து, சாய்ந்த நீளத்தால் பெருக்க வேண்டும். பள்ளியில் நேர்வட்ட உருளையோடு நின்றுவிடுவதால் தப்பிக்கிறோம். இதற்காகவே சொல்லைக் கைவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள்.