தனியார் கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டுவது சரியா?

கரிசல்மண்
அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதம்தான். எங்கள் துறையில் காலை ஷிஃப்ட் பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்து வரும் முன்பே மதிய ஷிஃப்ட் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆய்வகத்தில் ஒரு பியூரெட் குழாயைச் சுற்றி நாலு பேர். ஒருத்தி திருகைத் திறப்பாள், மற்ற மூவரும் நிறம் மாறுவதை எட்டிப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் முழுக் கட்டணம், ஆதிதிராவிடர் பழங்குடியினர் கல்வி உதவி என்று அரசு கட்டும் பணத்தில் பெரும்பகுதி தனியார் நடத்தும் சுயநிதிக் கல்லூரிகளுக்குத்தான் போகிறது. பிள்ளைகளுக்கு உதவுவதை நான் குறை சொல்லவில்லை. மக்கள் வரிப்பணம் யாருடைய கட்டடத்தில் போய்ச் செங்கல்லாக நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. அதே பணத்தில் அரசுக் கல்லூரிக்கு நிரந்தர ஆசிரியர்களையும் கருவிகளையும் கொடுத்தால், அடுத்த 30 வருடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அது இருக்கும்.

தகடூர்ப்பெண்
2010-ல முதல் பட்டதாரி சலுகை வந்தப்ப, அந்த முதல் வருஷமே சேர்ந்தவ நான். அம்மாவுக்குப் புளி உடைக்கிற வேலை. ஓடு தட்டி, நார் உரிச்சு, கொட்டை எடுத்துக் கிலோ கணக்குல கூலி. பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை போக அழைப்புக் கடிதத்தைக் காட்டி பாதி டிக்கெட்ல பஸ் ஏறினோம். என் கட்ஆஃபுக்கு அரசுக் கல்லூரி எதுவும் திரையில இல்லை. இருந்ததெல்லாம் சுயநிதிதான்.

அதுக்கு முன்னாடி கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிச்சார். "தாத்தா பாட்டி யாராவது பட்டம் வாங்கியிருக்காங்களா?"ன்னு கேட்டார். எங்க ஆயா கைநாட்டு. அந்தக் கேள்வி புரியவே அதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அந்தச் சான்றிதழ் இல்லைன்னா எங்கம்மாவோட இன்னொரு கூலிக்காரியா நான் உட்கார்ந்திருப்பேன். 30 வருஷம் நிக்கிற கட்டடம் வரட்டும் சார், நல்லதுதான். எனக்கு அந்த ஜூலை மாசம் பணம் வேணுமாயிருந்தது.

கரிசல்மண்
உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத மனம் வரவில்லை, தங்கச்சி. நீங்கள் படித்தது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆனால் அந்தத் திரையில் உங்களுக்கு ஏன் ஓர் அரசுக் கல்லூரிகூட இல்லை? 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, இடங்களைப் பெருக்கும் வேலையைத் தனியாரிடம் விட்டாயிற்று. இன்று 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் சிறு பங்குதான். இடத்தைக் கட்டாமல் விட்டதும் அரசு, இடமில்லையே என்று தனியாருக்குக் கட்டணம் கட்டுவதும் அரசு. இதை நிரந்தர ஏற்பாடாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

பேரேடு
தணிக்கையாளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "தனியார்" என்று பேசும்போது நாம் மறந்துவிடுகிறோம்: சட்டப்படி இந்தக் கல்லூரிகள் லாப நோக்கமில்லாத அறக்கட்டளைகளோ சங்கங்களோ நடத்துபவை. கல்வியை வியாபாரமாக நடத்தக் கூடாது என்று 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாபம் பார்க்கக் கூடாது, நன்கொடை வசூலிக்கக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்குத் தடைச் சட்டம் 1992-லேயே இருக்கிறது. வருமான வரி விலக்கு வேண்டுமானால் வருமானத்தில் 85 சதவீதத்தை அறக்கட்டளை நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும்.

எனவே அறக்கட்டளைக் கல்லூரிக்கு அரசுப் பணம் போவது கொள்கையளவில் தப்பில்லை. ஓட்டை வேறு இடத்தில். கணக்கு பார்க்கப் போனால் நான் முதலில் எடுப்பது வாடகை ஒப்பந்தத்தைத்தான். நிலம் நிறுவனரின் மனைவி பெயரில், பேருந்துகள் மருமகன் பெயரில், பெஞ்சு வாங்கியது மைத்துனர் கடையில். உபரி என்று ஒரு ரூபாய் ஏட்டில் இருக்காது. சந்தை விலைக்கு மேல் சொந்தக்காரருக்குக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போகும் என்கிறது வருமான வரிச் சட்டம். விலையைச் சரிபார்க்கும் அளவுக்கு யாரும் தோண்டுவதில்லை. அரசு கட்டணம் கட்டும் ஒவ்வொரு கல்லூரியின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும். என் நிபந்தனை அது ஒன்றுதான்.

மேசை_எண்_4
கிராமப்புற சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். எல்லாக் கல்லூரியும் பேருந்து மருமகன் கதை இல்லை, ஐயா. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சலுகையில் படிப்பவர்கள். அரசு தரவேண்டிய பணம் எங்களுக்குப் பலமுறை அடுத்த கல்வியாண்டில்தான் வந்திருக்கிறது. அதுவரை ஆசிரியர்களுக்குச் சம்பளம் இரண்டு தவணையாகப் போகும். கரிசல்மண் சார் சொல்லும் 25,000-கூட எங்கள் உதவிப் பேராசிரியர்கள் எல்லோருக்கும் கிடையாது.

இன்னொன்று. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கான 60 சதவீதம் 2021-22 முதல் நேராக மாணவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 7 நாளுக்குள் மாணவர் கல்லூரியில் கட்ட வேண்டும் என்பது விதி. போன வருடம் ஒரு பையன் வந்து என் மேசை முன்னால் நின்றான். பணம் வந்த வாரம் அவன் அப்பாவுக்கு ஆபரேஷன். பாஸ்புக்கை விரித்துக் காட்டினான், ஒரே நாளில் எடுத்திருக்கிறது. அவனை நான் என்னவென்று கேட்பது? நிர்வாகம் என்னைக் கேட்கிறது. பணத்தை நேராகக் கல்லூரிக்கே அனுப்புவதுதான் எல்லோருக்கும் நல்லது.

நீலப்பேனா
இல்லை மேடம், இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் கல்லூரிக்கு நேராகப் போன காலத்தில்தான் வராத பிள்ளைகள் பெயரிலும் பில் போட்ட புகார்கள் வந்தன. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த அரசாணை எண் 92-ன்படி, வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களிடம் சுயநிதிக் கல்லூரிகள் கட்டாயக் கட்டணத்தைக் கேட்கவே கூடாது. அந்த அரசாணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏறி இறங்கிய கல்லூரிகள் எத்தனை! "அரசு கொடுத்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது கட்டிவிடு" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். முடியாதென்றால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பிடித்து வைப்பார்கள். அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியாகிவிட்டது.

உங்கள் நிர்வாகத்துக்குச் சம்பளப் பிரச்சினை இருக்கலாம். அரசு தாமதித்தால் கல்லூரி அரசைத்தான் கேட்க வேண்டும். வட்டி கட்டுவது ஏன் எப்போதும் மாணவன் வீடாகவே இருக்கிறது?

மேசை_எண்_4
சான்றிதழைப் பிடித்து வைப்பது தப்பு. எங்கள் அலுவலகத்திலும் நடந்திருக்கிறது. என் கையாலேயே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சான்ஹோசேவாசி
வெளியூரிலிருந்து ஒரு தகவல். இங்கே கலிஃபோர்னியாவில் கால் கிராண்ட் என்று மாநில உதவித்தொகை உண்டு. வருமானமும் மதிப்பெண்ணும் பார்த்து, லாப நோக்கற்ற தனியார் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு வருடம் 9,000 டாலருக்கு மேல் வரை கிடைக்கும். கரிசல்மண் கேட்ட அதே கேள்வி இங்கும் வந்தது. பொருளாதாரம் சரிந்த பிறகு 2011, 2012-ல் மாநிலம் நிபந்தனை போட்டது: கடன் வாங்கிப் படிப்பவர்கள் அதிகமுள்ள கல்லூரிகளில், கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்கள் 15.5 சதவீதத்தைத் தாண்டினாலோ, படிப்பை முடிப்பவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, அந்தக் கல்லூரிக்கு உதவித்தொகை இல்லை. வர்ஜீனியா வேறு மாதிரி. அங்கே 1972-லிருந்து தனியார் கல்லூரி மாணவர்களுக்கு வருமானமே பார்க்காமல் கொடுக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. வசதியுள்ள வீட்டுக்கு எதற்கு?

தகடூர்ப்பெண்
நம்ம முதல் பட்டதாரி சலுகைக்கும் வருமான வரம்பு கிடையாது அண்ணா. ஆனா ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். எனக்குக் கிடைச்சதால என் தம்பிக்கு இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு அதே கல்லூரியில முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தான். அம்மா தோட்டை அடகு வச்சாங்க. நான் வேலைக்குப் போய் மூணாவது வருஷம்தான் மீட்டேன். வசதியான வீட்டு முதல் பட்டதாரிக்குக் கொடுக்கிறதை நிறுத்திட்டு, ஏழை வீட்டு ரெண்டாவது பிள்ளைக்குக் கொடுக்கலாம். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை.

கரிசல்மண்
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். கலிஃபோர்னியா நிபந்தனையும் யோசிக்க வேண்டியது. இங்கே அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் 50,000 என்றும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் கட்டணம் நிர்ணயித்தார்கள். நல்ல கல்லூரிக்கும் முதலாமாண்டிலேயே பாதிப்பேர் அரியர் வைக்கும் கல்லூரிக்கும் வித்தியாசம் 5,000 ரூபாய்தான். அரசு கட்டுவதென்றால் தேர்ச்சியைப் பார்த்துக் கட்டட்டும்.

நீலப்பேனா
அதில் ஓர் ஆபத்து இருக்கிறது சார். தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தால், கல்லூரி முதலில் கழற்றிவிடுவது தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளையைத்தான். முதல் செமஸ்டரில் அரியர் வைப்பவன் அவன்தானே.

ராணிப்பேட்டை_அப்பா
எல்லாரும் படிச்சவங்க பேசுறீங்க, ஒரு சந்தேகம். என் மக அரசுப் பள்ளி. 7.5 சதவீதத்துல ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில சீட்டு கிடைச்சிருக்கு. படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும்னு 2021-லயே சொன்னாங்க. கல்லூரியில போனா, "பயிற்சிக் கட்டணம்" 18,000 கட்டுங்கன்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்தாங்க. கல்லூரி பேரு இல்ல, முத்திரை இல்ல. திங்கக்கிழமைக்குள்ள கட்டணுமாம். வட்டிக்குக் கேட்டிருக்கேன். கட்டிடட்டுமா?

மேசை_எண்_4
கட்டாதீங்க. கல்லூரிப் பெயர் போட்ட ரசீதில், எந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்க. எழுத்தில் தர யோசிப்பாங்க. அந்த வெள்ளைத் தாளைத் தொலைச்சிடாதீங்க, இப்பவே போட்டோ எடுத்து வைங்க.

கரிசல்மண்
ஐயா, வட்டிக்கு வாங்காதீங்க. கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு புகார் மனு எழுத வேண்டும். அந்தத் தாளின் படத்தையும் ஒதுக்கீட்டு ஆணையையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்க, இன்று இரவே எழுதித் தருகிறேன். தனியாருக்கு அரசு கட்டக் கூடாது என்று சொன்னவன் நான், இப்போதும் அதையேதான் சொல்வேன். அரசு ஏற்றுக்கொண்ட பிள்ளையிடம் இன்னொரு கை நீளுவது வேறு விஷயம்.

ராணிப்பேட்டை_அப்பா
அனுப்பிட்டேன் சார். மகதான் போட்டோ எடுத்துச்சு. ஆணையில அது பேரு இருக்கிற பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கு.