எச்.ஐ (ரத்தத்தில் எதிர்ப்பை அளக்கும் சோதனை) சராசரி 6.4 வந்தால் கில்டு வேக்சின் (கொன்ற வைரஸ் தடுப்பூசி) பிடித்த மாதிரியா?

லேயர் பண்ணை, நாமக்கல்:
வெள்ளைக்கழிச்சலுக்கு 16வது வாரம் கில்டு வேக்சின் போட்ட பேட்ச். 21வது வாரம் 10 கோழிக்கு ரத்தம் எடுத்து எச்.ஐ பார்த்ததில் லாக்2 டைட்டர் (எதிர்ப்பு அளவு, 2ன் அடுக்கில்; 3ன்னா 8, 4ன்னா 16): 3, 8, 4, 9, 4, 8, 7, 4, 9, 8. சராசரி 6.4, போதும்ங்கறாங்க. அந்த 3, 4 தான் உறுத்துது. மறுபடி ஊசி போடணுங்களா?

கோழி மருத்துவர்:
சராசரியை விடுங்க. நாலு கோழி 3–4ல், ஆறு கோழி 7–9ல். நடுவுல 5, 6 ஒண்ணுகூட இல்லை. மருந்தே வீக்கா இருந்தா எல்லாமே சேர்ந்து இறங்கியிருக்கும். இது பெரும்பாலும் ஊசி சரியா விழாத கோழிங்க. அந்த 3–4 முன்னாடி குடுத்த லைவ் வேக்சினோட (உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ்) மிச்சமா இருக்கும். சி.வி (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற சதவீதம்) 37% வருது, அதிகம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போட்டா எண்ணெய் மருந்து கெட்டியா இருக்கும், சிரிஞ்சில் 0.5 மி.லி முழுசா ஏறாது. அவசரத்துல கழுத்துத் தோலின் மறுபக்கம் குத்தி இறகுல வழியறதும் உண்டு. அடுத்த தடவை பாட்டிலை அறைச் சூட்டுக்கு வரவிட்டுக் குலுக்குங்க. ஆரம்பிக்கும் முன்னாடி அளவுக் குடுவையில் 20 தடவை அழுத்திப் பாருங்க, 10 மி.லி வரணும்.

லேப் டெக்னீஷியன்:
டாக்டர் சொல்வதோடு ஒன்று. ஆன்டிஜென் (சோதனையில் சேர்க்கும் வைரஸ்) 4 எச்.ஏ யூனிட்தானா (ரத்த அணுக்களை ஒட்டவைக்கும் திறனின் அளவு), அன்றைக்கே பேக் டைட்ரேஷன் (அந்த அளவைச் சரிபார்ப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். 8 யூனிட் ஆகிவிட்டால் டைட்டர் ஒரு லாக் குறையும், 2 ஆனால் ஒன்று கூடும். ஆனால் அது பிளேட் முழுவதையும் ஒரே பக்கம் தள்ளும். ஒரே பிளேட்டில் 3ம் 9ம் அதனால் வராது.

லாக் மதிப்பில் சராசரி எடுத்தது சரி. 6.4 என்றால் நேர் எண்ணில் சுமார் 84. சிலர் 8, 16, 512 என்று நேரடியாகக் கூட்டி வகுப்பார்கள். உங்கள் கணக்கு 198 ஆகி, ஷெட் அருமையாகத் தெரியும்!

முடிவெடுக்க 10 சாம்பிள் குறைவு. 20 எடுங்கள், வாசல் பக்கக் கூண்டோடு நிறுத்தாமல் எல்லா வரிசையிலும், மேல் தட்டு கீழ் தட்டு இரண்டிலும். டியூபில் வரிசை எண் எழுதினால் எந்த ஆள் போட்ட வரிசை விட்டுப்போனது என்பதும் தெரியும். எடுத்தவுடன் ஐஸில் வைக்காதீர்கள். நிழலில் சாய்த்து வைத்து, உறைந்து சீரம் பிரிந்தபின் குளிரில் வையுங்கள்.

கோழி மருத்துவர்:
முட்டை ஏறுற நேரத்துல மறுபடி ஊசிக்குன்னு எல்லாக் கோழியையும் பிடிச்சா உற்பத்தி விழும். குளோரினை நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, தண்ணியில லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் லைவ் வேக்சின்) குடுங்க. 2 மணி நேரத்துல குடிச்சு முடியணும். சுவாசப் பாதையில வர்ற எதிர்ப்பு எச்.ஐயில் தெரியாது, அதனால டைட்டர் பெருசா ஏறலைன்னாலும் வீண்னு நினைக்காதீங்க. 3 வாரம் கழிச்சு அதே லேபில் பாருங்க. திடீர்னு 11, 12ன்னு வந்து முட்டையும் குறைஞ்சா மட்டும், அதை வேக்சின் கணக்குல எழுதாம ஃபீல்டு வைரஸை (வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமியை) தேடணும்.