கேட் (CAT, ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான எம்பிஏ நுழைவுத் தேர்வு) எழுதியாச்சு, ரிசல்ட் வரைக்கும் என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
புதுச்சேரி சென்டர்ல எழுதினேன், ஊர் கடலூர், ஓபிசி. இப்போ எதைக் கவனிக்கணும்?

வெள்ளிக்கடல்:
ரெஸ்பான்ஸ் ஷீட் (நீங்க குறிச்ச விடைகள் இருக்கிற தாள்) வந்ததும் டவுன்லோடு பண்ணிடுங்க. சரியான விடைக்கு 3, தப்பான சாய்ஸுக்கு மைனஸ் 1, டைப் பண்ற கேள்விக்கு மைனஸ் கிடையாது. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கேள்வித்தாள் மாறுறதைச் சமன் செய்ய மார்க்கை நார்மலைஸ் பண்றதால நீங்க கூட்டுற மார்க்கும் ஸ்கோரும் ஒத்துப்போகாது, பதறாதீங்க.

மஞ்சைவாசி:
முதல்ல சர்டிஃபிகேட்! மாநில சாதிச் சான்றிதழ் ஐஐஎம்முக்குச் செல்லாதுங்க. மத்திய அரசு ஃபார்மட்ல, கிரீமி லேயர்ல (ஓபிசில வசதியான பிரிவு) வரலைன்னு தனியா வாங்கணும். இ-சேவை மையத்துல பேரைப் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்ல உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்க. இனிஷியல் முன்னபின்ன மாறினாலே வெரிஃபிகேஷன்ல இழுத்தடிக்கும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

வெள்ளிக்கடல்:
ஆமா. அண்ணா பல்கலையோட எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட்டையும் விட்டுடாதீங்க.