ஈழத்தலரி இலையடியில் ஆரஞ்சுத் தூள்: துருநோயா?

தண்டையார்பேட்டை மாடி:
அம்மா வைத்த மரம், இழக்க மனமில்லை. ஐப்பசி மழைக்குப் பின் இலைகளின் மேற்புறம் மஞ்சள் புள்ளிகள். அடிப்புறம் தொட்டால் விரலில் ஆரஞ்சுத் தூள். துறைமுக லாரிகளின் தூசி என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. அருகிலுள்ள மல்லிகைக்குப் பரவுமா?

ராயபுரம் வாசி:
தூசி இலையின் மேல்தான் படியும், அக்கா. அடியில் கொப்புளம் வெடித்துத் தூள் கொட்டினால் துருப்பூஞ்சைதான்: கோலியோஸ்போரியம் புளூமேரியே. இது மல்லிகையைத் தொடாது. மல்லிகைக்கு வருவது யூரோமைசிஸ் ஹாப்சோனி என்ற வேறொரு துருப்பூஞ்சை. அதில் இலையும் தண்டும் வீங்கித் திருகிக்கொள்ளும்.

பெரம்பூர் தோட்டம்:
தயவுசெய்து மரத்தை வெட்டிவிடாதீர்கள்! உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி உறையில் கட்டி அகற்றுங்கள். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். என் மரம் மொட்டையாகி, பங்குனியில் மறுபடி தளிர்த்தது.

தண்டையார்பேட்டை மாடி:
இப்போதே பொறுக்கப் போகிறேன்.